நியூட்ரல் விழாத நாற்பது நாட்கள்

மதுரை காளவாசல் சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஊரில் பாதி அங்கே வந்து நிற்பது போலத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே, வாங்கி மூன்று நாளே ஆன வண்டியில் உட்கார்ந்துகொண்டு, இடது கால் நுனியால் கியர் லிவரை மேலும் கீழுமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். முதல் கியரிலிருந்து மெல்ல நெம்பினால் நியூட்ரலைத் தாண்டி இரண்டாம் கியருக்குப் போய்விடும். இரண்டிலிருந்து மெல்ல அழுத்தினால் நேரே ஒன்றில் வந்து விழும். ஏழெட்டு முறை முயன்றும் வண்டியில் நியூட்ரலைக் காட்டும் அந்தப் பச்சை விளக்கு எரியவே இல்லை. கிளட்சைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போய், வேறு வழியின்றி இன்ஜினை அணைத்துவிட்டு, சலிப்போடு லிவரை ஒரு தட்டுத் தட்டினேன். பிள்ளைப்பூச்சி போல நியூட்ரல் வந்து உட்கார்ந்தது.

பக்கத்தில் நின்ற இளைஞர் என் வண்டியின் எண் பலகையில் காய்ந்துகொண்டிருந்த மாலையைப் பார்த்துவிட்டு, "புது வண்டி அப்படித்தாண்ணே இருக்கும்" என்றார்.

இதே வாக்கியத்தை அடுத்த நாற்பது நாட்களில் ஷோரூம் விற்பனையாளர், சர்வீஸ் அட்வைஸர், அலுவலக நண்பர்கள், என் மைத்துனர் என்று பலர் வாயிலிருந்தும் கேட்டேன். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் உள்ள சங்கடம். புது வண்டியின் கியர் தொல்லைகளில் ஒரு பகுதி உண்மையாகவே ஓட ஓடச் சரியாகிவிடக்கூடியது. இன்னொரு பகுதி எவ்வளவு ஓடினாலும் தானாகச் சரியாகாது. யாராவது ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். மூன்றாவதாக, ஓட்டுபவனுடைய காலிலேயே குடியிருக்கும் கோளாறுகளும் உண்டு, அவற்றை அப்படியே விட்டால் வண்டி ஓட ஓட மோசமாகும். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் "போகப் போகச் சரியாயிரும்" என்று ஒரே மாத்திரையை எழுதிக் கொடுப்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பதினேழு ஆண்டுகள் ஒரே ஒரு ஸ்ப்ளெண்டரை ஓட்டியவன் நான். அதில் நியூட்ரல் எல்லாவற்றுக்கும் மேலே, வரிசையின் தலையில் இருக்கும். நான்கு கியர்களையும் முன்காலால் ஒன்றன் பின் ஒன்றாக அழுத்திக்கொண்டே போக வேண்டியதுதான். நிறுத்தும்போது குதிகாலால் மிதித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நியூட்ரல் தவிர வேறொன்றும் இருக்க வழியில்லை. அது ஒரு திசையில் மூடிய தெரு. புதிதாக வாங்கியதோ ஆறு கியர் வண்டி. முதல் கியர் கீழே, மற்ற ஐந்தும் மேலே, நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். குதிகாலுக்கு அங்கே வேலையே இல்லை.

வண்டி வந்த முதல் வாரத்திலேயே என் புகார்கள் தெளிவாகிவிட்டன. நின்றிருக்கும்போது நியூட்ரல் விழாது. காலையில் முதன்முதலாகக் கியர் போட்டால் பட்டறையில் சம்மட்டி விழுந்தது போல ஒரு சத்தம் கேட்கும். நான்கிலிருந்து ஐந்துக்கு மாற்றும்போது பத்தில் ஒரு தடவை எந்தக் கியரிலும் சேராமல் இன்ஜின் வெறுமனே உறுமும்; இதைப் பொய் நியூட்ரல் என்பார்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைஸர் வண்டியை வாங்கி, வளாகத்துக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். வளாகத்துக்குள் ஐந்தாம் கியர் போட இடமே கிடையாது என்பதை நான் சொல்வதற்குள் அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

அன்று இரவு, பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று படிக்க உட்கார்ந்தேன். மோட்டார் சைக்கிளின் கியர்பெட்டியில் பற்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் தத்தம் ஜோடியோடு கோத்தபடியே சுழல்கின்றன. கியர் மாற்றும்போது நகர்வது அந்தக் கோப்பு அன்று. சக்கரத்தின் பக்கவாட்டில் கட்டை விரல் போலத் துருத்திக்கொண்டிருக்கும், மெக்கானிக்குகள் 'டாக்' என்று சொல்லும் முட்டுகள்தான். ஒரு சக்கரம் தண்டின் மேல் பக்கவாட்டில் வழுக்கிப் போய், தன் முட்டுகளை அடுத்த சக்கரத்தின் பள்ளங்களுக்குள் நுழைக்கிறது. கார்களில் இந்த இரு பகுதிகளின் வேகத்தையும் முதலில் உரசிச் சமன்செய்து கொடுக்கும் சிங்க்ரோ வளையங்கள் உண்டு. நம் வண்டிகளில் அப்படி யாரும் சமாதானம் பேச வருவதில்லை. வேகம் ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும் முட்டு பள்ளத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். காலுக்குக் கேட்கிற 'டக்' அந்த மோதல்தான்.

இந்தச் சக்கரங்களைத் தள்ளும் கவைகளை, அதாவது ஃபோர்க்குகளை, மேலே வரிப்பள்ளங்கள் வெட்டிய ஒரு டிரம் நடத்துகிறது. காலால் ஒரு தடவை தட்டினால் டிரம் 60 பாகை திரும்பும். ஆறு தட்டுக்கு ஒரு முழுச் சுற்று. அதன் முனையில் நட்சத்திர வடிவில் ஒரு தகடும், ஸ்பிரிங் அழுத்தத்தில் அதன் மேல் உருளும் சிறு உருளையும் இருக்கின்றன. ஒவ்வொரு கியருக்கும் அந்தத் தகட்டில் ஆழமான ஒரு குழி உண்டு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே, மேட்டின் உச்சியில், நியூட்ரலுக்காக மிகச் சிறிய ஒரு பள்ளம் மட்டும் வெட்டியிருப்பார்கள். அதை வேண்டுமென்றே மேலோட்டமாக வெட்டுகிறார்கள். ஆழமாக வெட்டினால் ஓடும் வண்டியில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கியர் நியூட்ரலிலேயே தங்கிவிடும். ஆகவே நியூட்ரல் என்பது தாண்டிப் போவதற்காகவே வைத்த படி. நான் சிக்னலில் அந்தப் படியில் உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினை அணைத்ததும் அது ஏன் உடனே விழுந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. நம் கிளட்ச் எண்ணெயில் நனைந்த பல தகடுகளால் ஆனது. லிவரை முழுக்கப் பிடித்தாலும் தகடுகளுக்கு நடுவே இருக்கும் எண்ணெய் ஒன்றை ஒன்று சற்று இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் இன்ஜினிலிருந்து விசை வாங்கும் கியர்பெட்டியின் உள்தண்டு சுழலப் பார்க்கும். பின் சக்கரம் நிற்பதால் அதற்கு விசை அனுப்பும் வெளித்தண்டு சுழல முடியாது. இடையில் அகப்பட்ட முட்டுகள் பள்ளத்தின் சுவரோடு இறுகிக்கொள்ளும். மெல்லத் தட்டினால் அவை நகராது. பலமாகத் தட்டினால் திடீரென விடுபட்டு, அந்தச் சின்னப் பள்ளத்தைத் தாண்டி அடுத்த கியரில் போய் விழும். இன்ஜின் நின்றால் இழுப்பும் நின்றுவிடுகிறது. புதுத் தகடுகள் ஒன்றோடொன்று பழகி மட்டமாகும்வரை இந்த இழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இந்த அளவில், புது வண்டி அப்படித்தான் இருக்கும் என்பது சரி. காலைச் சம்மட்டியும் இந்த வகைதான். இரவெல்லாம் நின்ற வண்டியில் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், குளிர்ந்த எண்ணெயும் கெட்டியாக இருக்கும். கிளட்சைப் பிடித்து இரண்டு மூன்று நொடி பொறுத்து, இன்ஜின் வேகம் தணிந்த பிறகு கியர் போட்டால் சத்தம் பாதியாகிவிடுகிறது. முழுதாகப் போகாது, போக வேண்டியதும் இல்லை.

இந்த இடத்தில் எனக்குப் பெரியப்பாவின் புல்லட் ஞாபகத்துக்கு வருகிறது. 1956 முதல் திருவொற்றியூரில் உருவாகி வந்த பழைய தலைமுறைப் புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே குதிகாலுக்கென்று தனியாக இன்னொரு சிறு லிவர் உண்டு. இரண்டோ மூன்றோ நான்கோ, எந்தக் கியரில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்து அதை ஒரே மிதி மிதித்தால் நேராக நியூட்ரல். பெரியப்பா சிக்னலில் அதை மிதித்துவிட்டு இரு கைகளையும் விட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்ளும் தோரணையைச் சிறுவயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். கவாஸாகி வேறு வழியில் இதே சிக்கலைத் தீர்த்தது: பற்சக்கரத்துக்குள் சிறு இரும்புக் குண்டுகளை வைத்து, சக்கரம் சுழலாமல் நிற்கும்போது அவை குறுக்கே விழுந்து, ஒன்றிலிருந்து நெம்பினால் இரண்டுக்குப் போகவிடாமல் நியூட்ரலிலேயே நிறுத்தும்படி செய்தார்கள். மனிதர்கள் சிக்னலில் நின்று அவதிப்படுவதை யாரோ ஒரு பொறியாளர் கவனித்திருக்கிறார் என்ற நினைப்பே ஆறுதலாக இருந்தது.

ஆனால் என் வண்டியின் இழுப்பு வழக்கமான அளவைவிட அதிகம் என்று எனக்குக் காட்டியவர், ஆரப்பாளையம் பக்கம் பட்டறை வைத்திருக்கும், என் ஸ்ப்ளெண்டரைப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவந்த மெக்கானிக் அண்ணன்தான். வாரண்டியில் இருக்கும் வண்டியில் கை வைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சமதரையில் நிறுத்தி இன்ஜினைச் சூடாக்கி, முதல் கியர் போட்டு, கிளட்சை முழுக்கப் பிடித்தபடி கால்களை லேசாக ஊன்றிக்கொள்ளச் சொன்னார். பிடித்த பிடியிலேயே வண்டி அரை அடி முன்னால் ஊர்ந்தது.

"கிளட்ச் பிடிச்ச மாதிரி இருக்கு தம்பி, ஆனா விடலை. கேபிள் லூசு" என்றார்.

வீட்டுக்கு வந்து, மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, கிளட்ச் லிவரின் நுனியில் வைத்துப் பார்த்தேன். சுண்டு விரலால் லிவரை இழுத்தால், கேபிள் இறுகி எதிர்ப்புக் காட்டும் இடம்வரை அது எதையும் செய்யாமல் சும்மா வருகிற தூரம்தான் லூஸ். என் வண்டியின் கையேடு 10 முதல் 15 மில்லிமீட்டர் என்கிறது. ஸ்கேல் 24 காட்டியது. அதாவது என் பிடியில் கணிசமான பங்கு கிளட்சுக்குப் போய்ச் சேராமல் காற்றில் கரைந்துகொண்டிருந்தது; தகடுகள் முழுதாக விலகவே இல்லை. புதுக் கேபிளின் வெளியுறை முதல் சில நூறு கிலோமீட்டரில் அமுங்கி, முனைகள் தத்தம் இடத்தில் பதிந்து உட்காரும். அப்படி உட்காரும்போது லூஸ் கூடும். அதாவது போகப் போகச் சரியாவதற்குப் பதிலாக, போகப் போக இந்தத் தொல்லை பெருகும். லிவருக்கு அருகில் உள்ள ரப்பர் உறையை விலக்கி, பூட்டு வளையத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைக் கையாலேயே சில சுற்றுச் சுற்றி 12 மில்லிமீட்டரில் நிறுத்தினேன். ஐந்து நிமிட வேலை, ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. ஆசை மிகுந்து லூஸே இல்லாமல் இறுக்கிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிச் செய்தால் லிவரை விட்ட பிறகும் தகடுகள் முழுதாகச் சேராமல் வழுக்கி, கருகிப் போகும்.

மறுநாள் காளவாசலில் மூன்றாவது தட்டில் பச்சை எரிந்தது. நிற்பதற்குச் சற்று முன்பே, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து மெல்லத் தட்டினால் முதல் தட்டிலேயே எரிந்தது.

நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் இருந்த பொய் நியூட்ரல் மட்டும் கேபிளுக்கு மசியவில்லை. இதற்கு அட்வைஸரையோ வண்டியையோ குறை சொல்ல முடியாது என்று பிறகு தெரிந்தது. புது வண்டியைப் பூப்போல ஓட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டக் கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக் கூடாது என்று கையேட்டிலும் இருந்தது. இந்தப் பணிவு என் வலது கையிலிருந்து மெல்ல இடது காலுக்கும் இறங்கிவிட்டது. லிவரை உடைந்துவிடுமோ என்பது போல விரல் நுனியால் தூக்கிவிட்டு, பாதியிலேயே விட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் டிரம் பாதிதான் திரும்பும். உருளை நட்சத்திரத்தின் கூர்முனையில் ஏறி நின்று, இந்தக் குழியா அந்தக் குழியா என்று தவிக்கும். நாலாம் கியரின் முட்டு வெளியே வந்திருக்கும், ஐந்தாம் கியரின் முட்டு உள்ளே போயிருக்காது.

இதில் நான் செய்துகொண்டிருந்த கொடுமையின் அளவு பின்னால்தான் உறைத்தது. அந்த முட்டுகளின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாமல், விசை ஏற ஏற ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும்படி இலேசாக உள்வாட்டமாகச் சாய்த்திருப்பார்கள். முழுதாகச் சேராத முட்டு விளிம்பிலேயே இடிபட்டு, மூலை மழுங்கும். மழுங்கிய முட்டு விசை ஏறும்போது உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே தள்ளும். பழைய வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் 'கியர் எகிறுது' என்பார்களே, அந்த நோயின் வித்து இதுதான். அதற்கு இன்ஜினைப் பிளந்து பற்சக்கரத்தை மாற்றுவதைத் தவிர மருந்து கிடையாது. ஆக்ஸிலரேட்டரில் எவ்வளவு வேண்டுமானாலும் பூப்போல இருக்கலாம். கியர் லிவரில் பூப்போல இருந்தால் அது வண்டிக்குச் செய்யும் துரோகம். ஆக்ஸிலரேட்டரை மூடி, கிளட்சைப் பிடித்து, லிவரை ஒரே மூச்சில் முட்டும்வரை தூக்கி, கிளட்சை விடும்வரை காலை எடுக்காமல் வைத்திருந்தபோது பொய் நியூட்ரல் பெரும்பாலும் மறைந்தது.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், லிவரின் உயரம். அது என் சிறிய பாதத்துக்குச் சற்று மேலே இருந்ததால், முழுதாகத் தூக்க முயன்றால் ஃபுட்ரெஸ்டை விட்டுக் காலே எழும்பியது. லிவரையும் கியர்பெட்டியையும் இணைக்கும் சிறு கம்பியைத் திருகி ஐந்தாறு மில்லிமீட்டர் இறக்கினேன். அந்தக் கம்பியின் ஒரு முனையில் இருக்கும் நட் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் இறுகும் என்பது தெரியாமல் கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டியதைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை.

320 கிலோமீட்டர் ஓடியிருந்த ஒரு ஞாயிறு காலையில் தேனிச் சாலையில் கிளம்பினேன். ஊர்களும் வேகத்தடைகளும் ஆண்டிப்பட்டிக் கணவாயின் ஏற்றமும் மாறி மாறி வருவதால், அந்தச் சாலையில் எந்த வேகமும் நெடுநேரம் நிலைக்காது. பழக்கும் காலத்துக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை. செக்கானூரணிவரை கால் பிசகவில்லை. உசிலம்பட்டியில் முன்னால் போன பேருந்து திடீரென ஓரங்கட்ட, அதைக் கடக்கும் அவசரத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக நினைத்தேன். நினைத்தது தலை, செய்தது பதினேழு ஆண்டுகள் ஸ்ப்ளெண்டரில் ஊறிய கால். அது மேலே நெம்புவதற்குப் பதிலாகக் கீழே ஒரு அழுத்து அழுத்தியது. வண்டி ஒன்றாம் கியரில் விழுந்து, சுற்றுமானியின் முள் 7,000-ஐத் தாண்டிக் குதிக்க, பின் டயர் கிரீச்சிட்டு இடம்வலமாக ஆடியது. எப்படியோ விழாமல் ஓரத்தில் நிறுத்தினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "தம்பி, வண்டி புதுசா, ஓட்டுற ஆளு புதுசா?"

பதில் சொல்லாமல் சிரித்துவைத்தேன். நாற்பது நாட்களில் எனக்கு வாய்த்த மிகச் சரியான பரிசோதனைக் கேள்வி அதுதான். அன்று திரும்பும் வழி முழுவதும், ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கு முன்பும் 'மேலே', 'கீழே' என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். பல நாட்கள் அப்படிச் சொன்னேன்.

640 கிலோமீட்டரில் முதல் சர்வீஸ். எண்ணெய் வடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டதும், வினோதமாகப் பார்த்தாலும் அனுமதித்தார்கள். கீழே வைத்த தட்டில் விழுந்த எண்ணெய், வெயில் பட்ட இடத்தில் வெள்ளிப் பூச்சு கரைத்த நீர் போல மினுமினுத்தது. வடிகால் போல்ட்டின் காந்த முனையில் சாம்பல் நிறத்தில் மென்மையான பசை ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் கண்மை போல வழுக்கியது. முட்டுகளும் ஃபோர்க்குகளும் டிரம்மின் வரிப்பள்ளங்களும் பழகிக்கொண்டதற்கான கணக்கு அந்தத் தட்டில் இருந்தது. பசையாக இருக்கும்வரை கவலையில்லை; நகத்தில் தடுக்குகிற சில்லாக இருந்தால்தான் உட்கார்ந்து பேச வேண்டும். பற்சக்கரங்கள் எண்ணெயின் இழைகளை அரைத்து அதன் கெட்டித்தன்மையையும் குறைத்துவிடுகின்றன. இன்ஜினும் கிளட்சும் கியர்பெட்டியும் ஒரே எண்ணெயில் வாழும் கூட்டுக்குடித்தனம் என்பதால், ஒன்றின் அழுக்கு மற்ற இரண்டுக்கும் போய்ச் சேரும். புது எண்ணெய் ஊற்றிய அன்று மாலையே கியர்கள் வெண்ணெயில் கத்தி போல இறங்கின.

மைத்துனர் தன் காருக்கு வாங்கிய விலை உயர்ந்த எண்ணெயை ஊற்றச் சொல்லியிருந்தார். நல்லவேளை, கேட்கவில்லை. உராய்வைக் குறைப்பதற்கென்றே பொருள்கள் சேர்த்த எண்ணெய் காருக்கு நல்லது. எண்ணெயில் நனைந்த கிளட்சை அது வழுக்க வைக்கும். இதற்காகவே ஜப்பானியர்கள் 1998-இல் இருசக்கர வண்டி எண்ணெய்க்கான ஜாஸோ தரத்தைக் கொண்டுவந்தார்கள். டப்பாவில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருந்தால் நம் கிளட்சுக்கு ஏற்றது, எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டர்களுக்கானது.

வண்டி இப்போது 1,400 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. காலைச் சத்தம் சம்மட்டியிலிருந்து கதவுத் தாழ்ப்பாளாக இறங்கியிருக்கிறது. பொய் நியூட்ரல் கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் என் அண்ணன் மகன் கல்லூரிக்கு எடுத்துப் போகும் பழைய ஸ்ப்ளெண்டரில் பால் வாங்கக் கிளம்பினேன். முதல் கியரில் தெருமுனைவரை போய், இரண்டுக்காக முன்காலை லிவருக்கு அடியில் கொடுத்து உறுதியாக ஒரு நெம்பு நெம்பினேன். வண்டி நடுத்தெருவில் இழுவையை இழந்து ஓவென்று அலறியது. குனிந்து பார்த்தேன், ஒரே தட்டில், அழகாக, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.